சோதனை வேலையை முதன்மை ரெப்போவில் கலக்காமல் வைத்துக்கொள்வது எப்படி?

தங்கச்சிமடத்தான்

வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து மீன் இறங்குதளத்துக்கான கணக்கு மென்பொருள் ஒன்றை எழுதிப் பராமரிக்கிறோம். படகு கரைக்கு வந்ததும் ரகம், எடை, ஏலம் போன விலை, எடுத்த வியாபாரி எல்லாம் பதிவாகும். டீசல், ஐஸ், முன்பணம் கழித்து படகுக்காரருக்கு எவ்வளவு, ஆட்களுக்குப் பங்கு எவ்வளவு என்று சீட்டு வரும். பைதானில் எழுதுகிற ஜாங்கோ, டேட்டாபேஸுக்குப் போஸ்ட்கிரெஸ், வாடகைக்கு எடுத்த சின்ன சர்வர், அவ்வளவுதான். பெரிய சமாச்சாரம் இல்லை, ஆனால் விசைப்படகுகள் கரை திரும்புகிற காலையில் அது கொஞ்ச நேரம் நின்றாலும் ஏலக்காரரிலிருந்து ஐஸ் வண்டிக்காரர் வரை என் போனுக்குத்தான் கூப்பிடுவார்கள்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். பெட்டியில் கிடக்கிற மீனைப் போனில் படம் எடுத்தால் என்ன ரகம் என்று அதுவே சொல்கிற மாதிரி ஒன்றை என் கூட்டாளி செய்து பார்க்கிறான். நல்ல யோசனைதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லாமே நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கிற ஒரே ரெப்போவில், சர்வருக்குப் போகிற மெயின் பிராஞ்சிலேயே (கிளையிலேயே), 'சோதனை' என்று ஒரு ஃபோல்டர் போட்டு நடக்கிறது. தேவையான லைப்ரரிகளைப் பட்டியல் போடுகிற ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைலில் பைடார்ச் என்கிற கனமான இயந்திரக் கற்றல் லைப்ரரி வந்து உட்கார்ந்துவிட்டது. மீன் படங்கள் ஒரு கட்டு கமிட் ஆகி ரெப்போவில் பதிவாகியிருக்கின்றன. எடைப் பதிவு டேபிளில் அவனுக்குத் தேவையான ஃபீல்டுகளையும் சேர்த்துவிட்டான். ஐஸ் விலை மாறிவிட்டது என்று நான் ஒரு வரியைத் திருத்தி சர்வரில் ஏற்றினால் அவனுடைய பாதி வெந்த வேலையும் கூடவே ஏறுகிறது. கேட்டால், "அதை யாரும் கூப்பிடவில்லையே, சும்மாதானே கிடக்கிறது" என்கிறான்.

விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிகிறது. அதற்குள் இதைப் பிரித்து வைத்துவிட வேண்டும் என்று பார்க்கிறேன். பிராஞ்ச் போட்டால் போதும் என்கிறார் ஒருவர், தனி ரெப்போதான் சரி என்கிறார் இன்னொருவர், ஃபோல்டர் இருக்கட்டும், வசதியை ஆன், ஆஃப் செய்கிற ஃபீச்சர் ஃப்ளாக் போடு என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். சின்னக் குழுவில் உண்மையில் எது நிற்கும்?

கச்சான்காற்று

பிராஞ்ச் போடுங்க, முடிஞ்சது. நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கிற கிட் (Git) இதுக்குத்தானே வைத்திருக்கிறோம்.

பிராஞ்ச் மாறி மாறி வேலை செய்வது தொல்லை என்றால் வொர்க்ட்ரீ இருக்கிறது, 2015-ல் கிட் 2.5-இலேயே வந்துவிட்டது, இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது. 'கிட் வொர்க்ட்ரீ ஆட்' என்று ஒரு கட்டளை கொடுத்தால் அதே ரெப்போவுக்கு இன்னொரு ஃபோல்டர் திறக்கும். ஒன்றில் மெயின், இன்னொன்றில் சோதனை. முழுசாக இன்னொரு குளோன் (ரெப்போ நகல்) எடுக்க வேண்டியதில்லை, வரலாறு ஒரே இடத்தில்தான் இருக்கும், பாதி வேலையை ஒதுக்கி வைக்க ஸ்டாஷ் போட்டு ஸ்டாஷ் போட்டு எதை எங்கே வைத்தோம் என்று தேடுகிற பிழைப்பும் இல்லை. ஒரே பிராஞ்சை இரண்டு ஃபோல்டரில் திறக்க அது விடாது, அதுவும் நல்லதுக்குத்தான். கிட்டில் சேர்க்காத ஃபைல்கள் புது ஃபோல்டருக்கு வராது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். செட்டிங் விவரங்கள் இருக்கிற டாட் என்வ் ஃபைலைத் தனியாக எழுத வேண்டும். அதில் டேட்டாபேஸ் பெயரையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கீழக்கரை_காக்கா

தம்பி, பிராஞ்சா தனி ரெப்போவா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் கூட்டாளி எழுதியது அத்தனையும் நாளைக்குக் காணாமல் போனால் மெயின் ஓடுமா? அதை முதலில் பாருங்கள். ஓடாது என்றால் எந்த மூலையில் கொண்டுபோய் வைத்தாலும் அது பிரியவில்லை என்றுதான் அர்த்தம். சோதனை மெயினிலிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். மெயின் சோதனையின் பக்கம் திரும்பியே பார்க்கக் கூடாது. இன்று உட்கார்ந்து அந்த ஃபோல்டரின் பெயரை கிரெப் போட்டுத் தேடுங்கள், அதற்கு வெளியே இருக்கிற ஃபைல் எதிலாவது அது இம்போர்ட் ஆகி உள்ளே இழுக்கப்பட்டிருந்தால் உங்கள் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

கச்சான்காற்று சொல்வது தப்பில்லை, ஆனால் பிராஞ்ச் பிரித்துக் கொடுப்பது நிரலை மட்டும். நிறுவிய லைப்ரரிகளை அது பிரிக்காது, டேட்டாபேஸைப் பிரிக்காது, படங்களைப் பிரிக்காது. உங்கள் வீட்டில் சண்டை இந்த மூன்றில்தான் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று. சோதனைப் பிராஞ்ச் எவ்வளவு காலம் தனியாக இருக்கும்? இரண்டு வாரம் என்றால் கவலையே வேண்டாம். மாதக்கணக்கில் போகும் என்றால் அது தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மெயினைவிட்டு விலகிக்கொண்டே போகும். பெரிய ஆட்களே பட்ட பாடு இது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் ஒரு காலத்தில் இரட்டைப்படை எண் நிலையானது, ஒற்றைப்படை எண் சோதனைக்கு என்று வைத்திருந்தார்கள். 2.4 வந்தது 2001 ஜனவரியில், 2.5-ல் சோதனை எல்லாம் நடந்து 2.6.0 வெளிவந்தது 2003 டிசம்பரில். அதுவரை புது வசதி வேண்டும் என்றவர்கள் பொறுத்திருப்பார்களா? லினக்ஸைத் தொகுத்து வெளியிடுகிற டிஸ்ட்ரோக்காரர்கள் 2.5-ல் இருந்ததை எல்லாம் பிய்த்து எடுத்து 2.4-ல் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாதிரிக் கெர்னல். 2.6-க்குப் பிறகு அந்த ஒற்றை இரட்டை ஏற்பாட்டையே விட்டுவிட்டார்கள். இப்போது இரண்டு வாரம் புதியதைச் சேர்க்கிற ஜன்னல் திறக்கும், அப்புறம் திருத்தம் மட்டும், ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு வெளியீடு.

கிட் மென்பொருளையே எப்படி வளர்க்கிறார்கள் என்று பார்த்தீர்கள் என்றால் அது உங்களுக்கு இன்னும் பொருந்தும். ஒவ்வொரு வேலையும் தனித்தனிக் கிளை. கையில் வந்ததை எல்லாம் சேர்த்துப் பார்க்க 'சீன்' என்று ஒரு பிராஞ்ச், முன்பு அதன் பெயர் 'பியூ'. கொஞ்சம் தேறியது 'நெக்ஸ்ட்'டுக்குப் போகும், அங்கேயும் ஊறி நின்றதுதான் 'மாஸ்டர்'. 'சீன்' அடிக்கடி கலைத்துக் கட்டப்படும். அதை நம்பி யாரும் எதையும் எழுத மாட்டார்கள். சோதனைப் பிராஞ்ச் என்றால் எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம் என்பது முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாமல் ஒருவர் அதிலிருந்து சர்வருக்கு ஏற்றிவிட்டால் அன்றோடு அது சோதனை இல்லை, உங்கள் இரண்டாவது மெயின்.

முகாம்_மண்டபம்

நான் எதிர்க்கட்சி. தனி ரெப்போ, தனிப் பிராஞ்ச் எல்லாம் கேட்க அழகாக இருக்கும், ஆனால் இரண்டு பேர் இருக்கிற குழுவில் அதைத் திரும்பிப் பார்க்க யாருக்கும் நேரம் இருக்காது. கரையில் ஏற்றிப் போட்ட வல்லம் வெயிலில் பலகை விரிந்துபோகிற மாதிரி, தண்ணீரில் தள்ளுகிற அன்றுதான் எத்தனை இடத்தில் ஒழுகுகிறது என்று தெரியும்.

காக்கா லினக்ஸ் கதையைச் சொன்னார், ஆனால் அதிலேயே இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2008-லிருந்து 'டிரைவர்ஸ் ஸ்டேஜிங்' என்று ஒரு ஃபோல்டர் மெயின் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. தரம் போதாத டிரைவர்கள் (வன்பொருளை இயக்குகிற நிரல்கள்) அங்கே கிடக்கும், பக்கத்திலேயே என்னென்ன பாக்கி என்று ஒரு ஃபைல் இருக்கும். அதிலிருந்து எதையாவது ஏற்றினால் இதன் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று கெர்னலே எச்சரிக்கை அச்சடிக்கும், கெர்னலுக்குக் கறை படிந்துவிட்டது என்று ஒரு குறியும் விழும். யாரும் சீந்தாமல் கிடந்தால் தூக்கி எறிந்துவிடுவார்கள். மெயினில் யாராவது ஒரு ஃபங்ஷனை மாற்றும்போது அங்கேயும் சேர்த்து மாற்றிவிடுகிறார்கள், அதனால் அது துருப்பிடிப்பதில்லை. இந்த வசதி தனி ரெப்போவில் கிடையாது.

எனவே ஃபோல்டர் இருக்கட்டும். தனி ரெக்வயர்மென்ட்ஸ் ஃபைல், செட்டிங்ஸில் ஒரு ஃப்ளாக், சர்வரில் அது எப்போதும் ஆஃப். போதும்.

கச்சான்காற்று

ஃப்ளாக் என்றால் எனக்கு அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேபிடல்தான் ஞாபகம் வரும். 2012 ஆகஸ்ட் 1. பல வருஷமாகப் பயன்பாட்டில் இல்லாத பழைய நிரல் ஒன்றை அழிக்காமல் விட்டிருந்தார்கள், அதை எழுப்புகிற ஃப்ளாகையே புது வேலைக்கும் எடுத்துக்கொண்டார்கள், எட்டு சர்வரில் ஒன்றில் மட்டும் புது நிரலை ஏற்ற மறந்துவிட்டார்கள். சந்தை திறந்து 45 நிமிஷத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் போய்விட்டது. சும்மாதானே கிடக்கிறது என்று சொல்கிற கூட்டாளிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்.

ஃப்ளாக் வேண்டாம் என்று சொல்லவில்லை. எந்த ஃப்ளாகை எந்தத் தேதியில் எடுத்து எறியப்போகிறோம் என்று போடுகிற அன்றே எழுதி வைக்காவிட்டால் அது அங்கேயே குடியேறிவிடும்.

தங்கச்சிமடத்தான்

எல்லோருக்கும் நன்றி. காக்கா சொன்னபடி கிரெப் போட்டேன், சீட்டு அடிக்கிற ஃபைலிலேயே ஒரு இம்போர்ட் இருந்தது. அதை எடுத்துவிட்டேன்.

கச்சான்காற்று சொன்ன வொர்க்ட்ரீயும் போட்டுப் பார்த்தேன், அருமையாக இருக்கிறது. ஆனால் ஒரு புது வினோதம். இரண்டு ஃபோல்டரும் லேப்டாப்பில் ஒரே டேட்டாபேஸைத்தான் பார்க்கின்றன. சோதனை ஃபோல்டரில் டேபிள் அமைப்பை மாற்றுகிற அவனுடைய மைக்ரேஷனை ஓட்டிவிட்டு, மெயின் ஃபோல்டருக்கு வந்து ஒரு எடைப் பதிவைச் சேமித்தால் 'நாட் நல்' (காலியாக இருக்கக் கூடாது) என்று எரர் அடிக்கிறது. மெயினில் அந்த ஃபீல்டே இல்லை, இல்லாத ஃபீல்டுக்கு எப்படி எரர் வரும்? இது சர்வரில் நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது.

தொண்டிக்காரி

மேலே யாரும் சரியாகத் தொடாத இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நிரலை எத்தனை கிளையாக வேண்டுமானாலும் பிரிக்கலாம், டேட்டாபேஸுக்குக் கிளை கிடையாது. ஒருவர் மாற்றினால் எல்லோருக்கும் மாறியதுதான்.

எரர் ஏன் வருகிறது என்றால், டேபிளை விவரிக்கிற ஜாங்கோ மாடலில் 'டிஃபால்ட்' என்று கொடுக்கிற மதிப்பை ஜாங்கோ டேபிளில் நிரந்தரமாக எழுதி வைப்பதில்லை. மைக்ரேஷன் ஓடுகிற நேரத்தில் பழைய வரிகளை நிரப்ப மட்டும் அதைப் பயன்படுத்திவிட்டு உடனே எடுத்துவிடும். அதற்கப்புறம் அந்த டிஃபால்ட் பைதான் பக்கம்தான் இருக்கிறது. உங்கள் மெயின் நிரலுக்கு அந்த ஃபீல்டு இருப்பதே தெரியாது, அதனால் ஒன்றும் அனுப்பாது. போஸ்ட்கிரெஸோ அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று திருப்பி அனுப்பும். ஜாங்கோ 5.0-லிருந்து 'டிபி டிஃபால்ட்' என்று டேட்டாபேஸிலேயே நிற்கிற மாதிரி கொடுக்கலாம். பழைய பதிப்பில் இருந்தால் அந்த ஃபீல்டை நல் அனுமதிக்கிற மாதிரி வைப்பதுதான் வழி.

ஆனால் அது மாத்திரை, வைத்தியம் இல்லை. வைத்தியம் என்னவென்றால் எடைப் பதிவு டேபிளை உங்கள் கூட்டாளி தொடவே கூடாது. சோதனைக்குத் தனி ஜாங்கோ ஆப் ஒன்றைத் தொடங்கச் சொல்லுங்கள். அதில் அவனுக்கென்று ஒரு டேபிள் வைத்து, எந்த எடைப் பதிவு, எந்தப் படம், படம் பார்க்கிற மாடல் சொன்ன ரகம் என்ன, எவ்வளவு உறுதியாகச் சொன்னது என்று வேண்டியதை எல்லாம் எழுதிக்கொள்ளட்டும். எடைப் பதிவின் ஐடி எண்ணை வெறும் எண்ணாக வைத்துக்கொண்டால் போதும், இரண்டு டேபிளையும் பிணைக்கிற ஃபாரின் கீ கூட வேண்டாம் என்பேன், ஏனென்றால் மெயினில் ஒரு பதிவை அழிக்கப் போகும்போது சோதனை டேபிள் வந்து குறுக்கே நிற்கும். சுத்தமான டிசைன் இல்லை என்று யாராவது சொல்வார்கள், சொல்லட்டும். இப்படி வைத்தால் மைக்ரேஷன் ஃபைல்களும் அந்த ஆப்புக்குள்ளேயே அடங்கிவிடும். இரண்டு பேரும் ஆளுக்கொரு 0042 எண் மைக்ரேஷன் எழுதிவைத்து, அப்புறம் மெர்ஜ் மைக்ரேஷன் போட்டு ஒட்ட வேண்டிய கதை வராது. சோதனை தோற்றுவிட்டதா, அந்த ஆப்பின் பெயரையும் 'ஜீரோ' என்பதையும் மைக்ரேட் கட்டளைக்குக் கொடுங்கள், அவனுடைய டேபிள்கள் மட்டும் போய்விடும், ஏலக் கணக்குக்கு ஒன்றும் ஆகாது.

லேப்டாப்பில் இரண்டு வொர்க்ட்ரீக்கும் இரண்டு டேட்டாபேஸ் வைத்துக்கொள்ளுங்கள். 'கிரியேட்டிபி' கட்டளையில் டெம்ப்ளேட்டாக உங்கள் இப்போதைய டேட்டாபேஸின் பெயரைக் கொடுத்தால் அப்படியே ஒரு நகல் வந்துவிடும். அந்த நேரத்தில் அதில் யாரும் இணைந்திருக்கக் கூடாது, லேப்டாப்பில் ஓடுகிற ஜாங்கோ ரன்சர்வரை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

பைடார்ச்சுக்கும் இதே விதிதான். ஏலக் கணக்கு ஓடுகிற அதே புராசஸில் அதை இம்போர்ட் செய்யக் கூடாது. லினக்ஸில் பைதான் லைப்ரரிகளை நிறுவுகிற பிப் சாதாரணமாகக் கொண்டுவருவது கிராஃபிக்ஸ் கார்டுக்கான கியூடா லைப்ரரிகளோடு பல ஜிபி வரும், சின்ன சர்வரில் மெமரியும் இடமும் அதற்கே போய்விடும். மாடல் தனியாக, தன் லைப்ரரிகள் மட்டும் இருக்கிற விர்ச்சுவல் என்விரான்மென்டில், முடிந்தால் வேறு மெஷினில் ஓடட்டும். சர்வர் பக்கம் சிபியூ மட்டும் உள்ள பதிப்பு போதும்.

அந்தக்_கூட்டாளி

அந்தப் பாதி வெந்த வேலைக்குச் சொந்தக்காரன் நான்தான். லிங்கை அவனே அனுப்பினான்.

நான் ஏன் மெயினுக்குள் போனேன் என்று யாரும் கேட்கவில்லையே. வெளியே உட்கார்ந்து செய்தால் எனக்குப் படம் எங்கிருந்து வரும்? இணையத்தில் கிடைக்கிற மீன் படம் எல்லாம் வெள்ளைப் பின்னணியில் ஒற்றை மீன், பக்கவாட்டில், துடுப்பு விரிந்து, கண்ணாடி மாதிரி. நம் தளத்தில் இருப்பது என்ன? நீலப் பெட்டியில் நொறுக்கின ஐஸ், அதன் மேல் காரல் கும்பலாக, நடுவில் நாலு நகரை, ஓரத்தில் ஒரு நண்டு. மேலே ட்யூப் லைட் வெளிச்சம் பட்டு ஈரமெல்லாம் பளபளக்கும். எடை போடுகிறவர் கையுறையோடு போனைத் தொடுவார், பாதிப் படத்தில் அவர் கட்டைவிரல். காரலிலேயே எத்தனை வகை, விலை எத்தனை வித்தியாசம். பல பொடி மீன்கள் கலந்த சங்காயத்தைப் படம் எடுத்தால் மாடல் என்ன சொல்லும் என்று கேட்காதீர்கள். இந்தப் படங்கள் மெயின் ஓடுகிற இடத்தில்தான் கிடைக்கும். அதுவும் விசைப்படகு வாரத்துக்கு மூன்று நாள்தான் கடலுக்குப் போகிறது, தடைக்காலத்தில் அதுவும் இல்லை, நாட்டுப்படகு கொண்டுவருவதுதான். தனி ரெப்போ என்று என்னைத் தள்ளி வைத்தால் நான் பொம்மை மீனை வைத்துத்தான் விளையாட வேண்டும்.

கீழக்கரை_காக்கா

தம்பி, நீங்கள் கேட்பது நியாயம். சோதனைக்கு நிஜ வாழ்க்கை வேண்டும், அதனால்தான் எல்லோரும் மெயினுக்குள் புகுந்துவிடுகிறார்கள். ஆனால் உங்களுக்கு வேண்டியது படமும், அந்தப் பெட்டிக்கு எழுத்தர் என்ன ரகம் போட்டார் என்பதும்தானே? உங்கள் மாடல் மெயினுக்குள் இருக்க வேண்டியதில்லையே.

இப்படிச் செய்யுங்கள். படம் எடுத்துச் சேமிக்கிற பட்டன் மெயினின் வேலை. அதில் மாடல், பைடார்ச், ஊகம் எதுவும் கிடையாது. படத்தை எடுத்து ஸ்டோரேஜில் போட்டு எடைப் பதிவின் ஐடியைப் பெயராக வைக்கும், அப்லோட் ஆகவில்லை என்றால் சத்தம் போடாமல் விட்டுவிடும், ஏலம் அதற்காக நிற்காது. சின்னதாக இருப்பதால் உங்கள் கூட்டாளி அதை மற்ற மாற்றங்களைப் போலவே படித்துப் பார்த்து ஏற்றுக்கொள்வார். மாடல் உங்கள் ரெப்போவில். ராத்திரி அது அன்றைய படங்களை எடுத்து ஊகித்து உங்கள் டேபிளில் எழுதட்டும். யாருக்கும் காட்டாதீர்கள். எழுத்தர் போட்ட ரகத்தோடு ஒப்பிட்டு எங்கே தப்புகிறது என்று நீங்கள் மட்டும் பாருங்கள். நிழலாக ஓடுவது என்பார்கள். அது எத்தனை நாள் தப்பாகச் சொன்னாலும் தளத்தில் ஒருவருக்கும் நஷ்டம் இல்லை. தேறிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தோன்றுகிற அன்று, எழுத்தருக்கு யோசனையாகக் காட்டுகிற வேலையைத் தனி மாற்றமாகக் கொண்டுவாருங்கள்.

ரகப் பட்டியலை நீங்களாகக் கட்டாதீர்கள். மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையம் இருக்கிறது. கொச்சிக்குப் போவதற்கு முன்னால் தலைமையகமே அங்கேதான் இருந்தது. காரல் வகையைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் இருக்கும்போது எதற்கு ஊகம்?

முகாம்_மண்டபம்

நிழல் ஓட்டம் என்றால் நான் என் கட்சியைக் கலைத்துவிடுகிறேன். இந்த ஏற்பாட்டில் மாடலுக்குத் தனி ரெப்போதான் சரி, ஏனென்றால் அது மெயினோடு பேசுவது ஒரு ஐடியும் ஒரு படமும் மட்டும். மெயின் உள்ளே எப்படி மாறினாலும் அதற்குக் கவலை இல்லை. நான் பயந்த துரு பிடிப்பது இரண்டும் நெருக்கமாகப் பின்னிக்கிடக்கும்போதுதான்.

ஏற்கெனவே கமிட் ஆன படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடுத்த கமிட்டில் அழித்தால் ஃபோல்டரிலிருந்து போகும், வரலாற்றிலிருந்து போகாது, குளோன் எடுக்கிற ஒவ்வொருவரும் அந்தக் காரலை எல்லாம் சேர்த்து இறக்கியாக வேண்டும். உண்மையிலேயே நீக்க வேண்டும் என்றால் 'கிட் ஃபில்டர் ரெப்போ' இருக்கிறது, ஆனால் அது வரலாற்றைத் திருத்தி எழுதுவதால் அந்த இடத்திலிருந்து பின்னால் வந்த எல்லாக் கமிட்டின் அடையாளமான ஹேஷும் மாறிவிடும். பழைய குளோனை வைத்துக்கொண்டு யாராவது புஷ் செய்தால் படங்கள் திரும்பி வந்துவிடும், அதனால் எல்லோரும் ஒரே நாளில் பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் குளோன் எடுக்க வேண்டும். நீங்கள் இரண்டே பேர், படகுகளும் கரையில், செய்வதென்றால் இப்போதே செய்யுங்கள். முதலில் வரலாறு முழுதும் அடங்கிய 'மிரர்' குளோன் ஒன்றைப் பத்திரமாக எடுத்து வையுங்கள்.

தங்கச்சிமடத்தான்

சரி, இரண்டு பேரும் உட்கார்ந்து பேசிவிட்டோம். மாடலுக்குத் தனி ரெப்போ. படம் எடுக்கிற பட்டன் மட்டும் மெயினில், அது என் பொறுப்பு. எடைப் பதிவு டேபிளில் அவன் சேர்த்த ஃபீல்டுகளை எடுத்துவிட்டு, அந்த விவரமெல்லாம் அவனுடைய தனி டேபிளுக்குப் போகிறது. வரலாற்றைச் சுத்தம் செய்வது இந்த ஞாயிறு. பட்டனைத் தடைக்காலத்திலேயே நாட்டுப்படகுகளில் வைத்துப் பார்க்கப்போகிறோம். ஜூன் 15-க்கு முந்தைய வாரத்திலிருந்து மெயினில் திருத்தம் தவிர எதுவும் ஏறாது என்று அவனும் ஒத்துக்கொண்டான். பட்டனுக்கு எந்த நிறம் என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை.

தொண்டிக்காரி அக்கா, அந்த டெம்ப்ளேட் நகல் நன்றாக வேலை செய்கிறது. சர்வரிலிருந்து டேட்டாபேஸின் டம்ப் (முழு நகல்) ஒன்று எடுத்து அவன் லேப்டாப்பிலும் அதே மாதிரி போட்டுக் கொடுத்துவிடலாமா?

தொண்டிக்காரி

அப்படியே கொடுக்காதீர்கள். உங்கள் டேட்டாபேஸில் எந்தப் படகுக்காரர் எந்த வியாபாரியிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியிருக்கிறார் என்பது முழுக்க இருக்குமே. கூட்டாளி நல்லவர்தான், ஆனால் சோதனை என்றாலே நாலு பேருக்குக் காட்டுவது, லேப்டாப்பை டேபிளில் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போவது எல்லாம் நடக்கும். அந்தக் கணக்கு வெளியே வந்தால் உங்கள் ஊரில் மென்பொருள் சண்டையோடு நிற்காது.

மாடலுக்கு வேண்டியது எடைப் பதிவின் ஐடி, ரகம், தேதி மட்டும். அந்த மூன்றையும் எடுத்து சிஎஸ்வி ஆக்கிக் கொடுங்கள், போதும். முழு டேட்டாபேஸ் இருந்தால்தான் ஓடும் என்று அவர் அடம்பிடித்தால், டம்ப்பை முதலில் உங்கள் லேப்டாப்பில் ஏற்றி, படகுப் பதிவு எண், பெயர், போன் எண், முன்பணத் தொகை நான்கையும் ஒரு அப்டேட் ஸ்கிரிப்டில் பொய் மதிப்பாக மாற்றிவிட்டு, அதிலிருந்து எடுத்த டம்ப்பைக் கொடுங்கள். அந்த ஸ்கிரிப்டை மெயின் ரெப்போவிலேயே வையுங்கள், புதிதாக ஃபீல்டு சேர்க்கும்போதெல்லாம் அதையும் திருத்த வேண்டியிருக்கும்.